அசலுக்குப் போனது 73 ரூபாய்: ஒரே மாடியில் இரண்டு வீட்டுக் கடன்கள்

2023 ஏப்ரல் 30, ஞாயிற்றுக்கிழமை. தம்பி ஃபோனில் கூப்பிட்டான். "அக்கா, ஹோம் லோன் ஸ்டேட்மென்ட் எடுத்துப் பாத்தேன். ஏதோ தப்பா போட்டிருக்காங்க போல. நீ ஒரு தடவை பாரேன்" என்றான். வாட்ஸாப்பில் படம் வந்தது. அந்த மாதத் தவணை 23,259 ரூபாய். அதில் வட்டி 23,186. அசலுக்குப் போனது 73 ரூபாய்.

தப்பாக எதுவும் போடவில்லை. மூன்று முறை கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. அதே வட்டியில் அதே தவணையைக் கட்டிக்கொண்டே போனால் கடன் முடிய இன்னும் 731 மாதம் ஆகும். கிட்டத்தட்ட 61 வருடம். அப்போது தம்பிக்கு 96 வயது நடக்கும். வாங்கியதோ 20 வருடக் கடன்.

செங்கல்பட்டில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கடன் வாங்கியபோது கூடவே இருந்து இரண்டு இடத்துக் காகிதங்களையும் படித்துப் பார்த்தவள் நான்தான். அதனால் இதை எழுதுவது என் கடமை என்று நினைக்கிறேன். தம்பியும், அவன் எதிர்வீட்டுக்காரரும் தங்கள் ஸ்டேட்மென்ட்களைத் தந்து, எழுதச் சொல்லி ஒப்புக்கொண்டார்கள். பெயர்களையும் கடன் கொடுத்த இடங்களையும் மட்டும் விட்டுவிடுகிறேன்.

வாங்கிய கதை

கூடுவாஞ்சேரியில் ஒரு சின்ன அடுக்ககம். 2021 செப்டம்பரில் தம்பியும் எதிர்வீட்டுக்காரரும் ஒரே மாடியில், ஒரே பில்டரிடம், ஒரே அளவு வீட்டை வாங்கினார்கள். விலை 40 லட்சம். இருவரும் எடுத்த கடனும் 30 லட்சம்தான், காலமும் 20 வருடம்தான். இப்படி ஒரு ஜோடி ஒப்பிட்டுப் பார்க்கக் கிடைப்பது அபூர்வம்.

தம்பிக்கு அப்போது கைக்கு வரும் சம்பளம் 62,000. அவன் மனைவி ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை, 24,000. சேமிப்பு 14 லட்சம் இருந்தது. வீட்டுக்குக் கட்ட வேண்டிய 10 லட்சம் போக மீதி தங்கும் என்று நினைத்தார்கள், தங்கவில்லை. பத்திரப்பதிவு, முத்திரைத்தாள், லீகல் ஒப்பீனியன், வேல்யூவேஷன், பிராசஸிங் ஃபீ என்று ஒவ்வொன்றும் வந்து நின்றது. வீட்டு மதிப்பில் இத்தனை சதவீதம்தான் கடன் தரலாம் என்று ரிசர்வ் வங்கி வரம்பு வைத்திருக்கிறது: கடன் 30 லட்சம் வரை என்றால் 90 சதவீதம், அதற்கு மேல் 75 லட்சம் வரை 80, அதையும் தாண்டினால் 75. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வீட்டில் இந்த மதிப்புக்குள் பதிவுச் செலவும் முத்திரைத்தாள் செலவும் சேராது. அது முழுக்கக் கைப்பணம்.

நம் ஊரில் பலரும் மறந்துவிடும் இன்னொரு செலவு எம்ஓடி. மூலப் பத்திரத்தை வங்கியிடம் ஒப்படைத்ததற்கான ஆவணம். அதையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். அன்றைய கணக்கில் கடன் தொகைக்கு அரை சதவீதம் முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் உச்சவரம்பு 6,000. தம்பிக்கு 15,000 கூட்டல் 6,000, ஆக 21,000 ரூபாய். இந்த 21,000 பின்னால் மறுபடி வரும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாரம் பேசிய 180 ரூபாய்

கடன் தரச் சம்மதம் என்று சொல்லும் சாங்ஷன் லெட்டர்கள் இரண்டு கையில் இருந்தன. ஒன்று வங்கியுடையது: 7 சதவீதம், தவணை 23,259. மற்றது ஒரு வீட்டுவசதி நிதி நிறுவனத்துடையது: 6.90 சதவீதம், தவணை 23,079. வித்தியாசம் மாதம் 180 ரூபாய். இந்த 180 ரூபாயைப் பற்றி நாங்கள் ஒரு வாரம் பேசினோம். இன்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. பேச வேண்டியது வேறு இரண்டு விஷயம்.

முதல் விஷயம், அந்த 7-ம் 6.90-ம் எங்கிருந்து வருகின்றன என்பது. வங்கியின் 7 சதவீதம் என்பது ரிசர்வ் வங்கியின் ரெப்போ, அதாவது அது வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டி, 4 சதவீதம், அதன்மேல் வங்கி கூட்டி வைத்த ஸ்ப்ரெட் 3 சதவீதம். 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் புதிதாகக் கொடுக்கும் மாறும் வட்டி வீட்டுக் கடன்களை இப்படி ஒரு வெளி அளவுகோலோடு கட்டியே ஆக வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது வட்டியைத் திருத்தியே ஆக வேண்டும். ரெப்போ ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும். அதில் வங்கிக்கு விருப்பு வெறுப்பு கிடையாது.

நிதி நிறுவனத்தின் 6.90 வேறு ஜாதி. அந்த நிறுவனம் தனக்கென ஒரு அடிப்படை விகிதம் வைத்துக்கொண்டு, அதிலிருந்து ஒரு தள்ளுபடி கழித்துச் சொன்ன எண் அது. 2019 விதி வங்கிகளுக்குத்தான், வீட்டுவசதி நிறுவனங்களுக்கு இல்லை. அடிப்படை விகிதத்தை எப்போது, எவ்வளவு மாற்றுவது என்பது அவர்கள் கையில்.

இந்த வித்தியாசம் எனக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் தம்பியை வங்கிப் பக்கம் போகச் சொன்னேன். எதிர்வீட்டுக்காரருக்கு 6.90 பிடித்திருந்தது. பத்தே நாளில் செக் தருகிறோம் என்றதும் அவர் அங்கே போனார். அவர் எடுத்த முடிவும் முட்டாள்தனமானதல்ல. வங்கி எங்களை ஐந்து வாரம் அலைய விட்டது. தாய்ப்பத்திரத்தில் ஒரு வாரிசின் கையெழுத்து தெளிவாக இல்லை என்று திருப்பி அனுப்பியது. பில்டரோ தேதி நெருங்குகிறது என்று தினமும் ஃபோன் செய்தார்.

இரண்டாவது விஷயம்தான் எனக்கே தோன்றாதது. அதற்குத்தான் 73 ரூபாய் ஸ்டேட்மென்ட் வர வேண்டியிருந்தது.

2022 மே 4

அன்று ரிசர்வ் வங்கி ரெப்போவை 4 சதவீதத்திலிருந்து 4.40-க்கு ஏற்றியது. கொரோனாக் காலத்தில், 2020 மே மாதத்திலிருந்து இரண்டு வருடம் அசையாமல் இருந்த எண் அது. அதையும் சேர்த்து ஒன்பது மாதத்தில் ஆறு முறை ஏறி 2023 பிப்ரவரியில் 6.50-ல் வந்து நின்றது. மொத்தம் இரண்டரை சதவீதம்.

தம்பியின் வட்டி 2022 ஜூலையில் 7.90, அக்டோபரில் 8.90, 2023 ஜனவரியில் 9.25, ஏப்ரலில் 9.50 ஆனது. ஒவ்வொரு முறையும் ஒரு எஸ்எம்எஸ் வந்தது. தவணைத் தொகை மட்டும் மாறவில்லை. அதே 23,259 அதே ஐந்தாம் தேதி போய்க்கொண்டிருந்தது. அதனால் அவன் கவலைப்படவில்லை. "இஎம்ஐ ஏறலையே அக்கா, நமக்கு ஒண்ணும் பாதிப்பு இல்லைனு நினைச்சேன்" என்று பிறகு சொன்னான். தவணையைத் தொடாமல் காலத்தை நீட்டிக்கொண்டே போனது வங்கியின் கணினி. அசலுக்குப் போன தொகை முதலில் மாதம் ஆறாயிரத்தை ஒட்டி இருந்தது, பிறகு 3,900, பிறகு 1,500, பிறகு 670, கடைசியில் 73.

அந்த 73 ரூபாய் மாதத்துக்கு முன்பு பதினெட்டுத் தவணை கட்டியிருந்தான். நாலு லட்சத்துப் பதினெட்டாயிரத்துக்கும் மேல். அசலில் குறைந்தது 71,226 ரூபாய்.

முதல் தவணையைப் பிரித்துப் பார்த்திருந்தால்

அன்று இரவு அவனுடைய 2021 காகிதங்களை எடுத்து முதல் தவணையைப் பிரித்தேன். 30 லட்சத்துக்கு 7 சதவீத வட்டி, மாதம் 17,500. தவணை 23,259. ஆக, அசலுக்கு 5,759.

இப்போது இரண்டரை சதவீத ஏற்றத்தை இதன்மேல் வைத்துப் பாருங்கள். 30 லட்சத்துக்கு இரண்டரை சதவீதம் வருடத்துக்கு 75,000, மாதத்துக்கு 6,250. அசலுக்கு இருந்த இடமே 5,759-தான். முதல் மாதமே இந்த ஏற்றம் மொத்தமும் வந்திருந்தால் தவணை வட்டிக்கே போதாது. வட்டி ஏறுவதைத் தாங்கிக்கொள்ளும் மெத்தை அந்த அசல் பங்குதான். 20 வருடக் கடனில், அதுவும் வட்டி மலிந்து கிடக்கும் நாளில் எடுத்த கடனில், அந்த மெத்தை அவ்வளவு மெலிசாக இருந்தது.

15 வருடம் என்று போட்டிருந்தால் தவணை 26,965. மாதம் 3,706 கூடுதல். முதல் தவணையில் அசலுக்கு 9,465 போயிருக்கும். 6,250 கூடினாலும் மூவாயிரத்துக்கு மேல் அசல் கழிந்துகொண்டே இருந்திருக்கும். அன்றைக்கு இருவர் சம்பளமும் சேர்ந்து 86,000 வந்த வீட்டுக்கு அந்த 3,706 கட்ட முடியாத தொகை இல்லை. ஆனால் அப்படி ஒரு கேள்வியை வங்கியும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. 180 ரூபாயைப் பற்றிப் பேசிய ஒரு வாரத்தில் ஐந்து நிமிடம் இதற்குச் செலவழித்திருந்தால் போதும்.

அதற்குப் பிறகு யார் வீட்டுக் கடன் காகிதத்தோடு வந்தாலும் நான் முதலில் போடும் கணக்கு இதுதான்: முதல் தவணையில் அசலுக்கு எவ்வளவு? கடன் தொகைக்கு இரண்டரை சதவீத வட்டி கூடினால் மாதம் எவ்வளவு? இரண்டாவது எண் முதல் எண்ணை விழுங்குகிறதென்றால் காலத்தைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் கடனைக் குறைக்க வேண்டும். "இரண்டுமே முடியாது" என்றால் அந்த வீடு இப்போதைக்கு எட்டாத வீடு என்று சொல்லிவிடுகிறேன். சொல்லும்போது மனம் கஷ்டப்படத்தான் செய்கிறது.

நிலையான வட்டியில் போயிருக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். அன்றைக்கு அதற்கு விலை மிக அதிகம். தவிர, நிலையானது என்று விற்கப்படும் பல கடன்களில் முதல் இரண்டு மூன்று வருடம்தான் வட்டி நிற்கும், பிறகு மாறும் வட்டிக்கே போய்விடும். அந்த வரி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடிப் படிக்க வேண்டும்.

எதிர்வீடு

எதிர்வீட்டுக்காரருக்கு ஆரம்பத்தில் நிம்மதியாகவே இருந்தது. அவர் நிறுவனம் 2022-ல் வட்டியை மெதுவாகத்தான் ஏற்றியது. தம்பிக்கு 8.90 ஆனபோது அவர் இன்னும் எட்டுக்குக் கீழே இருந்தார். "பாத்தீங்களா தம்பி, நம்ம ஆளுங்க எவ்வளவோ தேவல" என்று படிக்கட்டில் பார்க்கும்போதெல்லாம் சொல்வாராம். 2023 நடுவில் அவருக்கும் 9.35 ஆகிவிட்டது. தவணையையும் கூட்டினார்கள், காலத்தையும் நீட்டினார்கள்.

அவர் ஸ்டேட்மென்டைக் கொண்டுவந்து தந்தபோது நான் கவனித்தது வட்டியை அல்ல, கடன் தொகையை. 30 லட்சம் இருக்க வேண்டிய இடத்தில் 31,10,000 இருந்தது. கேட்டால் அவருக்கே சரியாகத் தெரியவில்லை. காகிதங்களைப் புரட்டினால், கடனுக்கான இன்ஷூரன்ஸ், ஒரே தவணையில் 1,10,000 பிரீமியம். அதையும் கடனிலேயே சேர்த்திருக்கிறார்கள். "அது கம்பல்சரின்னு சொன்னாங்கம்மா" என்றார்.

கட்டாயம் இல்லை. கடன் கொடுப்பவர் விற்கும் இன்ஷூரன்ஸை வாங்கியே ஆக வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. 1,10,000-ஐ 20 வருடக் கடனில் 6.90-க்குச் சேர்த்தால் மாதம் 846 ரூபாய் கூடுகிறது. இருபது வருடத்தில் இரண்டு லட்சத்தைத் தாண்டுகிறது. 0.10 சதவீத வட்டியில் மிச்சமானது மாதம் 180. நிறுவனம் ஒரு கையால் 180-ஐக் கொடுத்து இன்னொரு கையால் 846-ஐ எடுத்துக்கொண்டது.

குடும்பத்துக்குப் பாதுகாப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. 30 லட்சம் கடன் உள்ளவர் இல்லாமல் போனால் வீடு என்ன ஆகும் என்ற பயம் நியாயமான பயம். தனியாக ஒரு டேர்ம் பாலிசி எடுத்தால் அது அவர் பெயரில் இருக்கும், கடனை வேறு வங்கிக்கு மாற்றினாலும் கூடவே வரும், வருடா வருடம் கட்டிக்கொள்ளலாம். தம்பியை அதைத்தான் எடுக்கச் சொன்னேன். எடுத்த முடிவுகளில் பழுதில்லாமல் நின்ற ஒன்று அது.

2025 பிப்ரவரியில் ரெப்போ இறங்க ஆரம்பித்தது. பிப்ரவரியில் 6.25, ஏப்ரலில் 6, ஜூனில் 5.50. தம்பியின் வட்டி ஏப்ரலில் 9.25, ஜூலையில் 8.50 ஆனது, யாரையும் கேட்காமலே. எதிர்வீட்டில் 9.35 அப்படியே நின்றது. அதே நிறுவனம் புதிதாக வருபவர்களுக்கு எட்டரை சொச்சத்துக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. அவர் கேட்டதற்கு, வட்டியைக் குறைக்க நிலுவையில் அரை சதவீதமும் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் கட்டச் சொன்னார்கள். நிலுவை 29 லட்சம். கட்டணம் 17,110 ரூபாய்.

அவருக்குக் கோபம், வேறு வங்கிக்கே மாறிவிடுகிறேன் என்றார். மாறலாம். தனிநபர் எடுத்த மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் வாங்கக் கூடாது என்பது பல வருடமாக உள்ள விதி. ஆனால் தமிழ்நாட்டில் கடனை மாற்றினால் பழைய எம்ஓடியை ரத்து செய்து ரசீது பதிய வேண்டும், புது வங்கிக்குப் புதிதாக எம்ஓடி பதிய வேண்டும். அந்த 21,000 போன்ற செலவு மறுபடி வருகிறது. அதோடு லீகல், வேல்யூவேஷன், பிராசஸிங் ஃபீ. உட்கார்ந்து கணக்குப் போட்டோம். 9.35-லிருந்து 8.60 வந்தால் வருடத்துக்கு 21,750 வட்டி மிச்சம். 17,110 கட்டணம் பத்து மாதத்தில் திரும்பிவிடும். இருந்த இடத்திலேயே கட்டிவிடுங்கள் என்றேன், கட்டினார். இறங்கிய வட்டியைப் பெறுவதற்கும் காசு கொடுக்க வேண்டியிருக்கிறதே என்ற வருத்தம் அவருக்கு இன்னும் இருக்கிறது. எனக்கும் இருக்கிறது.

மீண்டு வந்தது

தம்பி வீட்டுக்குத் திரும்புகிறேன். 2023-ல் அவன் மனைவி குழந்தை பிறந்து வேலையை விட்டிருந்தாள். வீட்டில் ஒரே சம்பளம். மீதியிருந்த 222 மாதத்திலேயே கடனை முடிக்க வேண்டுமென்றால் தவணை 28,059 ஆக வேண்டும். மாதம் 4,800 கூடுதல். பால், மருந்து, தடுப்பூசி எல்லாம் போக அது அவனால் முடியாது.

நகையை அடகு வைக்கலாமா என்று அம்மா கேட்டார். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். அவன் கட்டிவந்த சீட்டு ஒன்று முடிந்து 2 லட்சம் வரவிருந்தது. அதை வைத்து மூன்று கணக்குகள் போட்டோம்.

2 லட்சத்தை அசலில் கட்டி, தவணையை அப்படியே விட்டால் 335 மாதம். 2 லட்சம் கட்டாமல் தவணையை மட்டும் 26,000 ஆக்கினால் 282 மாதம். இரண்டையும் செய்தால் 226 மாதம்.

731 எங்கே, 226 எங்கே. அவனுக்கு நம்பிக்கை வரவில்லை, ஃபோனில் கால்குலேட்டரை வைத்துக்கொண்டு தானே மறுபடி போட்டுப் பார்த்தான். மாதம் 2,741 கூடுதல் என்பது கடினம்தான், ஆனால் முடியும். அடுத்த நாளே கிளைக்குப் போய் எழுதிக் கொடுத்தான். பகுதித் தொகை கட்டும்போது காலத்தைக் குறைப்பதா, தவணையைக் குறைப்பதா என்று வங்கி கேட்கும். காலத்தை என்று எழுத்தில் கொடுக்க வேண்டும்.

எங்களுக்கு நடந்தது ஊரெல்லாம் நடந்திருக்கிறது என்பது அந்த வருடம் ஆகஸ்டில் தெரிந்தது. 2023 ஆகஸ்ட் 18-ல் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை போட்டது. வட்டி திருத்தப்படும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, நிலையான வட்டிக்குப் போவதா என்ற தேர்வைக் கடன் வாங்கியவருக்குத் தர வேண்டும், காலத்தை நீட்டும்போது தவணை வட்டிக்கே போதாமல் போய்விடக் கூடாது என்றது. பழைய கடன்களுக்கும் அந்த வருடக் கடைசிக்குள் இதைச் செய்யச் சொன்னது. 2024 அக்டோபரிலிருந்து புதிய கடன்களுக்கு எல்லாக் கட்டணங்களையும் சேர்த்து வருட விகிதம் இவ்வளவு என்று காட்டும் முக்கிய விவரத் தாள் தர வேண்டும் என்ற விதியும் வந்திருக்கிறது. 2021-ல் அப்படி ஒரு தாள் இருந்திருந்தால் எதிர்வீட்டுக்காரரின் 1,10,000 அன்றே கண்ணில் பட்டிருக்கும் என்று நினைக்கிறேன். இன்று வாங்குபவர்கள் அதைக் கேட்டு வாங்கி, கையெழுத்துப் போடுவதற்கு முன் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படியுங்கள்.

வரிச் சலுகை பற்றி ஒரு வார்த்தை. தம்பியின் முடிவில் அதுவும் இருந்தது. சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டின் வட்டிக்கு 2 லட்சம் வரை கழிவு பழைய வரி முறையில்தான், புதிய முறையில் இல்லை. 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய முறையில் 12 லட்சம் வரை சம்பளக்காரர்களுக்கு வரியே வராது என்ற நிலையில், தம்பி மாதிரி வருமானக்காரர்களுக்கு இந்தச் சலுகையால் பயன் எதுவும் இல்லை. "வரி மிச்சமாகும்" என்று சொல்லிக் கடனைப் பெரிதாக்கச் சொன்னால் நம்ப வேண்டாம்.

இப்போது

2025 ஜூலை ஸ்டேட்மென்டில் வட்டி 18,384, அசல் 7,616. மீதி 174 மாதம். முதலில் போட்ட 20 வருடத்துக்கு 21 மாதம் முன்னாலேயே முடிகிற கணக்கு. அவன் மனைவி ஜூனில் மறுபடி வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள்.

ஒரு பாக்கி இருக்கிறது. அவனுடைய 3 சதவீத ஸ்ப்ரெட் 2021-ல் போட்டது. இப்போது அதே வங்கி, அதே மாதிரி சிபில் ஸ்கோர் உள்ள புது வாடிக்கையாளருக்கு 2.25 ஸ்ப்ரெட்டில் தருகிறது. ரெப்போ எல்லோருக்கும் ஒன்றுதான், ஸ்ப்ரெட்தான் ஆளுக்கு ஆள் வேறு. வட்டி தரைமட்டமாக இருந்த நாளில், மொத்த எண்ணைப் பார்த்து மகிழ்ந்து, அதில் ஸ்ப்ரெட் எவ்வளவு என்று நாங்கள் பேரம் பேசாமல் விட்டோம். முக்கால் சதவீதம் என்றால் இன்றைய நிலுவைக்கு மாதம் 1,622 ரூபாய். ஒரு வாரம் பேசிய 180-ஐப் போல ஒன்பது மடங்கு.

போன வாரம் இருவரும் கிளைக்குப் போனோம். கடிதத்தில் இரண்டே வரி எழுதினான். தவணையைக் குறைக்க வேண்டாம், 26,000-மே இருக்கட்டும், காலத்தைக் குறையுங்கள். மூன்று வருடம் தாண்டிவிட்டது, ஸ்ப்ரெட்டை மறுபரிசீலனை செய்யுங்கள். நகலில் சீலும் தேதியும் போட்டு வாங்கிக்கொண்டு வந்தோம். பதினைந்து நாளில் பதில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.